ஒன்றுமில்லாததற்கு என்ன நிறம்?

ஏழாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருளில் பட்டு எதிரொளித்து வரும் ஒளிதான் நமக்கு நிறமாகத் தெரிகிறது, ஒளி இல்லையென்றால் நிறமும் இல்லை என்று சொல்லி முடித்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்போ ஒண்ணுமே இல்லாததுக்கு என்ன கலர் டீச்சர்?"

வகுப்பு கலகலத்தது. "கறுப்பு" என்று பாதிப் பேர் கத்தினார்கள். "வெள்ளை, எழுதாத நோட்டு மாதிரி" என்றான் ஒருவன். "தண்ணி கலர்" என்றாள் இன்னொருத்தி. மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில், "கறுப்புதான் சரி. கண் தெரியாதவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது இல்லையா? அவங்களுக்கு எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும். அது மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முதல் வரிசையில், பிறவியிலேயே பார்வை முற்றிலும் இல்லாத மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிரெய்ல் புத்தகத்தின் மேல் இருந்த கையை எடுக்காமல் அவன் கேட்டான்:

"எனக்குக் கறுப்பா இருக்கா டீச்சர்? கறுப்புன்னா எப்படி இருக்கும்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. என்னிடம் பதில் இல்லை. ஒரு மாணவன் தன் அனுபவத்தில் அறிந்ததை, அறியாத நான் அவனுக்கே தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. அன்றிலிருந்து சில வாரங்கள் படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. குழந்தைகள் சொன்ன பதில்களையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தண்ணீரின் நிறம்

தண்ணீருக்கும் காற்றுக்கும் நிறமில்லை என்பது நம் அன்றாடப் பேச்சு. குவளையில் எடுத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிப்பதே. 'வெறும் ஆகாயம்' என்று நாம் கைகாட்டும் இடம் வெறுமையாக இருந்தால் பகலிலும் கறுப்பாகவே தெரியும். நிலவில் இறங்கியவர்கள் எடுத்த படங்களில் சூரிய வெளிச்சத்திலும் வானம் கறுத்திருப்பது அங்கே காற்று இல்லாததால்தான்.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சர் சி.வி. இராமன், 1921-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்தார். கடலின் நீலம் வானத்தின் நிழல்தான் என்பது அன்று பரவலாக இருந்த கருத்து. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் காட்டினார். ஆழமான நீர் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உறிஞ்சுவதும் அந்த நீலத்துக்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். அந்தத் தேடல்தான் வளர்ந்து 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக வெளிப்பட்டது. அந்நாளையே தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆக, 'தண்ணி கலர்' என்பது ஒன்றுமில்லாததன் நிறமல்ல. தண்ணீர் நிச்சயமாக ஏதோ ஒன்று.

உண்மையான வெற்றிடம்

தண்ணீரையும் காற்றையும் நீக்கிவிட்டால்? 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி, ஒரு முனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்தார். பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கி நின்றது. அதற்கு மேல் குழாயில் இருந்த இடத்தில் காற்று இல்லை. மிகச் சிறிதளவு பாதரச ஆவியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த இடம் என்ன நிறத்தில் இருந்தது? கறுப்பாக இல்லை; வெள்ளையாகவும் இல்லை. அதன் வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லையென்றால் நமக்குத் தெரிவது அந்தப் 'ஒன்றுமில்லாதது' அல்ல, அதற்குப் பின்னால் உள்ள பொருள். வெற்றிடத்தைப் பார்க்க முடியாது. வெற்றிடத்தின் வழியாகத்தான் பார்க்க முடியும். இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பைக் கொஞ்ச நேரம் பேசவிடலாம்.

கறுப்பு, ஒன்றுமில்லாதது அல்ல

இனி, பாதி வகுப்பு சொன்ன பதில். கறுப்பு என்றால் ஒளி இன்மை என்று பாடநூல் சொல்கிறது. அது தவறில்லை. ஆனால் கறுப்பாகத் தெரியும் பொருளிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள் கொண்டால் தவறாகிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயிலில் அது ஏறத்தாழ 1,00,000. வகுப்பறைக்குள் 500 அளவில் இருக்கலாம். கறுப்புக் காகிதம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்றும், வெள்ளைக் காகிதம் 80 விழுக்காட்டை அனுப்பும் என்றும் வைத்துக்கொள்வோம். வெயிலில் வைத்த கறுப்புக் காகிதத்திலிருந்து வருவது 4,000 பங்கு. வகுப்பறைக்குள் இருக்கும் வெள்ளைக் காகிதத்திலிருந்து வருவது 400 பங்கு. பத்து மடங்கு அதிக ஒளி தருவது கறுப்பு! ஆனாலும் வெயிலில் அது கறுப்பாகவே தெரிகிறது. சுற்றியுள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் கண்ணும் மூளையும் கறுப்பு, வெள்ளை என்று முடிவு செய்கின்றன.

அடுத்தது செய்து பார்க்க வேண்டியது. காலணி வரும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்பக்கம் முழுவதும் வெள்ளைக் காகிதம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒரு பக்கத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். மூடிய பெட்டியை மாணவர்களிடம் காட்டிக் கேளுங்கள்: "துளைக்குள் என்ன நிறம்?" சுற்றியுள்ள கறுப்புக் காகிதத்தைவிட அடர்ந்த கறுப்பாகத் துளை தெரியும். "உள்ளே கறுப்பு மை பூசியிருக்கீங்க" என்பார்கள். திறந்து காட்டுங்கள். உள்ளே எல்லாம் வெள்ளை.

துளை வழியே உள்ளே போன ஒளி சுவர்களில் மீண்டும் மீண்டும் பட்டு, உறிஞ்சப்பட்டு, வெளியே வர வழியில்லாமல் போய்விடுகிறது. நாம் பார்த்த கறுப்பு 'உள்ளே என்ன இருக்கிறது' என்பதற்கான பதிலல்ல. 'அந்தத் திசையிலிருந்து கண்ணுக்கு மிகக் குறைவாகவே ஒளி வருகிறது' என்று கண் தரும் தகவல்.

இரவு வானமும் அப்படித்தான். துறையூரிலிருந்து பச்சைமலைப் பக்கம் ஏறி, மின்விளக்கு இல்லாத இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விண்மீன்களுக்கு நடுவே உள்ள கறுப்பு எவ்வளவு அடர்த்தியானது என்று தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். 1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு அறிவியலாளர்கள் ஒரு பெரிய ரேடியோ வாங்கியை வானத்தை நோக்கித் திருப்பினார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் மெல்லிய இரைச்சல் ஒன்று வந்தது. வாங்கிக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று அதையும் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் நிற்கவில்லை. பேரண்டத்தின் தொடக்க காலத்து ஒளி, இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது என்பது பிறகு தெளிவானது. இதற்காக 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருண்ட வானம் காலியாக இல்லை. நம் கண் அந்த அலையை வாங்கும்படி அமைந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணை மூடினால்

"சரி டீச்சர், கண்ணை மூடிக்கிட்டா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். எல்லோரையும் கண்ணை மூடி, உள்ளங்கைகளால் அழுத்தாமல் பொத்தி, இரண்டு நிமிடம் கவனிக்கச் சொல்லுங்கள். முழுக் கறுப்பு தெரியாது. அடர்ந்த சாம்பல் நிறமும், நடுவே மெல்ல நகரும் புள்ளிகளும் திட்டுகளும் தெரியும். விழித்திரையில் உள்ள குச்சி செல்கள் ஒளி இல்லாதபோதும் அவ்வப்போது தாமாகவே சைகை அனுப்புவது இதற்கு ஒரு காரணம். ஜெர்மானியர்கள் இதற்கு 'கண்ணின் சொந்தச் சாம்பல்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இருட்டும் ஒரு காட்சிதான். கண் வேலை செய்துகொண்டே இருக்கிறது, 'இப்போது ஒளி இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கண்ணே இல்லாத இடம்

அப்படியானால், பார்வையே இல்லாத இடத்தில் என்ன தெரியும்? அதை அறிய நம் ஒவ்வொருவரின் கண்ணிலும் ஓர் இடம் இருக்கிறது. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. பாடநூல் இதைக் குருட்டுப் புள்ளி என்கிறது. பிரான்சைச் சேர்ந்த மாரியாட் 1660-களில் இதைக் கண்டறிந்தார்.

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி சுண்டைக்காய் அளவில் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக் கண்ணை மூடிக்கொண்டு வலக் கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்க வேண்டும். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும்.

மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கருந்துளை தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். மஞ்சள் தாளில் செய்தால் அங்கே மஞ்சள். தகவல் வராத இடத்தை மூளை பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடுகிறது. இரண்டு கண்களையும் திறந்து வைத்திருக்கும்போது ஒரு கண் விட்டதை இன்னொன்று பார்த்துவிடுவதால், இப்படி ஓர் இடம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இப்போது கடைசிக் கேள்வி. எல்லோரும் நேராகப் பாருங்கள். உங்கள் பின்னந்தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது?

என் வகுப்பில் சிலர் திரும்பப் பார்த்தார்கள். "திரும்பாமல் சொல்லுங்கள்" என்றேன். "கறுப்பு" என்று ஒருவன் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். "இல்ல டீச்சர், கறுப்பாவும் இல்ல. தெரியவே இல்ல" என்றான். முதன்முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அங்க கலரே கிடையாது."

அதுதான் விடை. பார்வை எட்டாத இடத்தில் கறுப்பும் இல்லை.

முழங்கை சொன்ன பாடம்

பின்னந்தலைக் கேள்வி பார்க்கும் பிள்ளைகளுக்கு. முதல் வரிசை மாணவனுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருந்தேன். சில நாட்கள் யோசித்து, அவன் நன்கு அறிந்த புலனிலிருந்து தொடங்கினேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. கறுப்புன்னா என்னன்னு கேட்டே இல்ல? வகுப்புல எல்லாரும் பேச்சை நிறுத்தினா உனக்கு என்ன கேட்கும்?"

"அமைதி."

"கண்ணு இருக்கிறவங்களுக்கு வெளிச்சம் வராதப்போ தெரியற அமைதிதான் கறுப்பு. சரி, உன் முழங்கைக்கு இப்போ என்ன கேட்குது? அமைதியா?"

சிரித்தான். கொஞ்சம் யோசித்தான். "முழங்கைக்குக் காதே இல்லையே டீச்சர். அதுக்குச் சத்தமும் கிடையாது, அமைதியும் கிடையாது." பிறகு அவனே முடித்தான்: "அப்போ எனக்குக் கறுப்பும் கிடையாது."

நான் சில வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். அன்று அந்தப் பாடத்தை வகுப்புக்கு மறுபடி சொன்னது அவன்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பார்வைக் குறைபாடு உள்ள எல்லோரும் ஒரே மாதிரி அல்லர். பலருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். சிலருக்கு நிறங்களே தெரியும். நடுவயதில் பார்வை இழந்த அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ், தாம் இழந்த நிறங்களில் கறுப்பும் ஒன்று என்றும், இருட்டில் தூங்கிப் பழகிய தமக்குப் பச்சையும் நீலமுமான மங்கல் மூட்டத்தில் தூங்க நேர்ந்தது என்றும் கூறியிருக்கிறார். 'அவர்களுக்கு எல்லாம் இருட்டு' என்ற நம் எண்ணம், கண்ணை மூடிக்கொண்டு நாம் செய்யும் ஊகம் மட்டுமே. தெரியவேண்டுமானால் மாணவரிடமோ, பெற்றோரிடமோ, சிறப்புப் பயிற்றுநரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பூஜ்ஜியமும் 'ஏபி'யும்

இந்த வேறுபாடு அறிவியல் பாடத்தோடு நிற்பதில்லை. நம் மதிப்பெண் பதிவேட்டில் தினமும் இருக்கிறது. தேர்வு எழுதி ஒரு வினாவுக்கும் சரியாக விடையளிக்காத மாணவருக்கு 0 போடுகிறோம். தேர்வுக்கு வராதவருக்கு 'ஏபி' போடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. 40, 60, 50, 50 எடுத்து ஒரு தேர்வுக்கு வராத பிள்ளையின் சராசரி 50. அந்த வராத நாளுக்கு 0 என்று போட்டுவிட்டால் சராசரி 40 ஆகிவிடும். எழுதாத தேர்வுக்கு நாம் ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டோம் என்பதே அங்கே நடந்த பிழை.

கறுப்பு என்பது கண் போடும் பூஜ்ஜியம். பின்னந்தலை 'ஏபி'. அன்று நான் செய்தது, 'ஏபி' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் போட்டது. கணித ஆசிரியர்கள் இந்த ஒப்புமையைத் தரவுகள் கையாளும் பாடத்தில் பயன்படுத்தலாம்.

பூஜ்ஜியம் எளிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்லலாம். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. இருநூற்றைந்தை ௨௱௫ என்று எழுதினால் போதும்; நடுவில் 'ஒன்றுமில்லை' என்று காட்டும் குறி தேவைப்படவில்லை. இடமதிப்பு முறையில் 205 என்று எழுதும்போதுதான் காலி இடத்தைக் காட்ட ஒரு குறி வேண்டியிருக்கிறது. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் பூஜ்ஜியத்தோடு கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் விதிகள் எழுதினார். குவாலியரில் உள்ள சதுர்புஜர் கோயிலில் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், நந்தவனத்தின் அளவான 270-லும் நாள்தோறும் தரவேண்டிய 50 மாலைகளிலும் சிறு வட்டமாகப் பூஜ்ஜியத்தைக் காணலாம். காலி இடத்துக்கு நம் முன்னோர் நிறம் பூசவில்லை. அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள்.

திரையும் பொன் இலையும்

அதே உத்தியைத் தமிழ்நாட்டில் இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். சைவ மரபில் ஐம்பூதங்களுக்கு ஐந்து தலங்கள் சொல்லப்படுகின்றன. காஞ்சிபுரம் நிலம், நம் திருவானைக்காவல் நீர், திருவண்ணாமலை நெருப்பு, காளத்தி காற்று, சிதம்பரம் ஆகாயம். நிலத்தைக் காட்டலாம்; நீர் ஊறுவதைக் காட்டலாம்; தீபம் ஏற்றலாம். ஆகாயத்தை, அதாவது வெளியை, எப்படிக் காட்டுவது?

சிதம்பரத்தில் நடராசர் சன்னிதியை ஒட்டி ஒரு திரை தொங்குகிறது. வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. திரையை விலக்கினால் உள்ளே உருவம் எதுவும் இல்லை. பொன்னால் செய்த வில்வ இலை மாலைகள் மட்டும் தொங்குகின்றன. 'சிதம்பர ரகசியம்' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். வழிபாடும் நம்பிக்கையும் அவரவர்க்கு உரியவை. ஆசிரியர் என்ற முறையில் நான் கவனித்தது காட்டும் முறையை. நிறம் திரைக்கும் மாலைக்கும் உரியது. அவற்றுக்குப் பின்னால் உள்ள வெளிக்கு யாரும் நிறம் தரவில்லை.

கற்பனை செய்ய முடியுமா?

அப்படியானால் ஒன்றுமில்லாததை ஏதோ ஒரு நிறத்தில் கற்பனை செய்வது தவறா? தவறில்லை. ஆனால் அந்த நிறம் நாம் கடனாகக் கொடுத்தது. பார்ப்பவர்கள் கண்ணால் பழகியதை வைத்துக் கற்பனை செய்கிறோம். அதனால் கறுப்பு வருகிறது. எழுதாத நோட்டைப் பார்ப்பவனுக்கு வெள்ளை வருகிறது. இதைச் சோதிக்க வகுப்பில் இன்னொரு கேள்வி கேட்டேன்: "ஒண்ணுமே இல்லைன்னா உங்களுக்கு எப்படித் தோணுது? ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க." முதல் வரிசை மாணவன் சொன்னான்: "கையை எவ்வளவு நீட்டினாலும் எதுவும் தட்டாம இருக்கிறது."

அவனுடைய வெறுமையில் நிறம் இல்லை, தொடுகை இருக்கிறது. எங்களுடையதில் நிறம் இருக்கிறது. இரண்டுமே ஒன்றுமில்லாததைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்பவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் அட்டைப்பெட்டிச் சோதனை போதும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்பு அல்ல என்பதைப் பிள்ளைகள் ரசித்துக் கற்பார்கள். நடுநிலை வகுப்புகளில் குருட்டுப் புள்ளியும் பின்னந்தலைக் கேள்வியும் ஒரு பாடவேளைக்குச் சரியாக இருக்கும். உயர்நிலை வகுப்புகளில் லக்ஸ் கணக்கும் பேரண்டத்தின் நுண்ணலையும் சேர்த்துக்கொள்ளலாம். பார்வைத்திறன் குறைபாடுடைய மாணவர் இருந்தால், பெட்டியின் துளைக்குள் விரல்விட்டு உள்ளே ஒட்டிய காகிதத்தைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். மற்றவர்கள் 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, உள்ளே காகிதம் இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் அவராகத்தான் இருப்பார். எங்கள் வகுப்பில் அப்படித்தான் நடந்தது.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு ஒன்று. ஒரு பிள்ளையிடமிருந்து பதில் வராதபோது, அங்கே ஒன்றுமில்லை என்று மனத்துக்குள் பூஜ்ஜியம் போட்டுவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது அந்த இடத்தை நிரப்பாமல் காலியாக விட்டு, ஒரு முறை கேட்டுப் பார்க்கிறேன்.